முடுக்கமானி: மோதலுக்குப் பிறந்த சில்லு சாய்வை அளந்த கதை

செல்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் திரையும் கூடவே திரும்பிக்கொள்கிறது. கல்லூரித் தொழில்நுட்ப விழாவில் இரண்டே சக்கரங்களில் ஒரு குட்டி ரோபோ கீழே விழாமல் தள்ளாடித் தள்ளாடி நிற்கிறது. கையுறை மாட்டிய கையைச் சாய்த்தால் பொம்மைக் கார் அந்தப் பக்கமாக ஓடுகிறது. இந்த மூன்றிலும் வேலை செய்வது ஒரே கருவிதான். தமிழில் முடுக்கமானி என்கிறோம். கடையில் ஆக்சிலரோமீட்டர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சில நூறு ரூபாய் இருந்தால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முடுக்கமானி சாய்வை அளப்பதே இல்லை! அது அளப்பது வேறொன்றை. அதிலிருந்து சாய்வை நாம்தான் ஊகித்துக்கொள்கிறோம். ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும், சில நேரம் காலை வாரிவிடும். ரோபோ குப்புற விழுவது பெரும்பாலும் அந்தச் சில நேரங்களில்தான்.

சாய்வுக்காகவே செய்யப்படாத ஒரு கருவி, மாணவர்களின் மேசையில் சாய்வுமானியாக எப்படி வந்து உட்கார்ந்தது? அதற்குப் பின்னால் கார் விபத்து, கேம்பாய் விளையாட்டு, வீட்டு வரவேற்பறை டென்னிஸ், ஆளில்லா விமானம் என்று ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தூக்குக்குண்டும் ரசமட்டமும்

சாய்வை அளப்பது பழைய தேவை. சுவர் எழுப்பும் கொத்தனார் நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார். குண்டு காட்டும் திசைதான் நேர்கீழ். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வைக்கிறார். கண்ணாடிக் குழாய்க்குள் திரவம், அதில் ஒரு காற்றுக்குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி. குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் இந்தக் கருவியை 1661-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியவர் பிரான்சு நாட்டின் மெல்கிசெதெக் தெவனோ. இரண்டுமே பூமியின் ஈர்ப்பை நம்பி வேலை செய்பவை. நேர்கீழ் எது என்று தெரிந்துவிட்டால் சாய்வு எவ்வளவு என்று கண்டுபிடித்துவிடலாம்.

மின்சாரம் வந்த பிறகு இதே வேலைக்குப் பாதரசச் சுவிட்சு வந்தது. சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு துளி பாதரசம், இரண்டு கம்பி முனைகள். சாய்த்தால் பாதரசம் ஓடிப்போய் இரண்டு முனைகளையும் இணைத்துவிடும், மின்சுற்று மூடிக்கொள்ளும். பாதரசம் நச்சு என்பதால் பின்னாளில் அதற்குப் பதில் சின்ன உலோக உருண்டைகளைப் போட்டார்கள். மின்னணுப் பழகுநர் பெட்டிகளில் இன்றும் அந்த உருண்டைச் சுவிட்சு இருக்கும். ஆனால் இவை சாய்ந்ததா, இல்லையா என்று மட்டுமே சொல்லும். எத்தனை டிகிரி என்று சொல்லத் தெரியாது.

அமெரிக்காவில் 1930-களில் பரவிய பின்பால் விளையாட்டு இயந்திரத்தில் இன்னொரு வகை இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் பின்பால் ஆடியவர்களுக்கு அந்த விளையாட்டு தெரிந்திருக்கும். நிஜ இயந்திரத்தைச் சிலர் தூக்கிச் சாய்த்தும் உலுக்கியும் பந்தைத் தங்கள் வசதிக்கு ஓடவிட்டார்கள். அதைப் பிடிக்க ஹாரி வில்லியம்ஸ் என்ற வடிவமைப்பாளர் ஒரு வழி செய்தார். அந்த வழி பிறகு இப்படி நிலைபெற்றது: பெட்டிக்குள் ஓர் உலோகக் குண்டு தொங்கும், அதைச் சுற்றி ஓர் உலோக வளையம். குண்டு வளையத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியை மெல்லச் சாய்த்தாலும் குண்டு வளையத்தைத் தொடும்; சாய்க்காமல் சட்டென்று தள்ளினாலும் தொடும். எது நடந்தது என்று குண்டுக்குத் தெரியாது. பின்பால் முதலாளிக்கு இரண்டுமே ஏமாற்றுவேலைதான், அதனால் அவருக்கு இது பிரச்சினையே இல்லை. முடுக்கமானியை வைத்துச் சாய்வை அளக்க நினைத்தவர்களுக்கு இதுதான் தீராத தலைவலி ஆனது.

ஐன்ஸ்டீன் சொன்னது

பேருந்தில் மேலே தொங்கும் கைப்பிடிகளைப் பாருங்கள். வண்டி ஒரே வேகத்தில் போகும்போது நேராகத் தொங்குகின்றன. ஓட்டுநர் வேகமெடுத்தால் எல்லாம் பின்பக்கம் சாய்கின்றன. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினாலும் வண்டியின் தரையோடு ஒப்பிட்டால் பின்பக்கம்தான் சாய்ந்திருக்கும். சன்னலை எல்லாம் மூடிவிட்டு, கைப்பிடியை மட்டும் பார்த்து, வண்டி ஏற்றத்தில் நிற்கிறதா, சமதரையில் வேகமெடுக்கிறதா என்று சொல்ல முடியுமா? முடியாது.

இது கைப்பிடியின் குறை இல்லை, இயற்கையே அப்படித்தான். சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டீன், 1907-ஆம் ஆண்டு இதைப் பற்றி யோசித்தார். உயரத்தில் இருந்து தடையின்றி விழும் ஒருவர் தன் எடையை உணரமாட்டார். அப்படியென்றால் ஈர்ப்பும் முடுக்கமும் உள்ளே இருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இந்த எண்ணமே பிறகு பொதுச் சார்பியல் கோட்பாடாக வளர்ந்தது.

முடுக்கமானியின் அடிப்படை மிக எளிது. ஒரு பெட்டி, அதற்குள் ஓர் எடை, எடையைப் பெட்டியோடு இணைக்கும் ஒரு வில். பெட்டி முடுக்கப்பட்டால் எடை பின்தங்கும், வில் வளையும். எவ்வளவு வளைந்தது என்று பார்த்தால் முடுக்கம் தெரியும். ஆனால் பெட்டியை மேசைமேல் சும்மா வைத்தாலும் எடை தன் பாரத்தால் கீழே இறங்கி வில்லை வளைக்கும் அல்லவா? அதனால்தான் அசையாமல் கிடக்கும் முடுக்கமானி 1 ஜி என்று காட்டுகிறது. ஜி என்பது ஈர்ப்பு முடுக்கம், நொடிக்கு நொடி 9.8 மீட்டர். அதே பெட்டியை மாடியில் இருந்து கீழே போட்டால், விழும் நேரம் முழுவதும் ஏறக்குறைய சுழி காட்டும்!

சாய்வை அளக்கும் வித்தை இந்த 1 ஜி-யில்தான் இருக்கிறது. பெட்டி அசையாமல் இருந்தால் வில்லை வளைப்பது ஈர்ப்பு மட்டுமே. பெட்டியைச் சாய்த்தால் அந்த 1 ஜி-யில் எவ்வளவு பங்கு எந்த அச்சில் விழுகிறது என்பது மாறும். அந்தப் பங்கு, கோணத்தின் சைன் மதிப்பு. பள்ளியில் படித்த முக்கோணவியல் அவ்வளவுதான்.

அரைக்கிலோ கருவி

விற்பனைக்கு வந்த முதல் முடுக்கமானிகளில் ஒன்று 1920-களில் அமெரிக்காவில் மெக்கல்லம், பீட்டர்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. வளையங்களாக அடுக்கிய கரியை அழுத்தினால் அதன் மின்தடை மாறும் என்ற தத்துவத்தில் அது வேலை செய்தது. ஒரு கருவியின் எடை ஏறக்குறைய அரைக்கிலோ. பாலங்களின் அதிர்வையும் விமானங்களின் குலுக்கலையும் அளக்கப் பயன்பட்டது. 1938-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் தனித்தனியாகத் திரிபுமானியைக் கண்டுபிடித்தார்கள். 1940-களில் டென்மார்க்கில் அழுத்தமின் படிகம் வைத்த முடுக்கமானி வந்தது. எல்லாம் ஆய்வுக்கூடப் பொருள்கள். தனி ஆள் வாங்கக்கூடிய விலையில் எதுவும் இல்லை.

திருப்பம் சிலிக்கானால் வந்தது. சிலிக்கானை அழுத்தினால் அதன் மின்தடை பெரிய அளவில் மாறுகிறது என்று பெல் ஆய்வகத்தின் சார்லஸ் ஸ்மித் 1954-இல் எழுதினார். 1979-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ராய்லன்ஸ், ஏஞ்சல் இருவரும் சிலிக்கானைச் செதுக்கி, ஒரு சின்ன நாக்கும் அதன் நுனியில் ஓர் எடையுமாக முடுக்கமானி செய்துகாட்டினார்கள். சில்லு செய்யும் அதே முறையில், ஒரே தகட்டில், பல கருவிகளை ஒன்றாகச் செய்துவிடலாம். 1982-இல் ஐபிஎம்மின் கர்ட் பீட்டர்சன் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை, சிலிக்கான் மின்னணுப் பொருள் மட்டுமல்ல, நல்ல இயந்திரப் பொருளும்கூட என்று எடுத்துச் சொன்னது.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் சில்லு ஆலைக்குப் பெரும் முதலீடு வேண்டும். லட்சக்கணக்கில் வாங்க ஆள் இருந்தால்தான் விலை இறங்கும். யார் வாங்குவார்கள்?

கார் வாங்கியது

கார்தான் வாங்கியது. விபத்தில் விரியும் காற்றுப்பைக்கு அமெரிக்காவில் 1953-லேயே ஜான் ஹெட்ரிக் காப்புரிமை வாங்கியிருந்தார். பையை விடக் கடினமானது மோதலை உணர்வது. மோதிய பிறகு முடிவெடுக்கக் கிடைப்பது சில பத்து மில்லி நொடிகள்தாம், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. 1960-களின் கடைசியில் ஆலன் பிரீட் உருவாக்கிய உணரியில் ஒரு குழாய்க்குள் எஃகு உருண்டை இருந்தது. மோதலின் வேகத்தில் உருண்டை முன்னே ஓடி மின்சுற்றை மூடும். மேலே பார்த்த உருண்டைச் சுவிட்சின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். வேலை செய்தது. ஆனால் ஒரு காருக்குப் பல உணரிகள் வேண்டியிருந்தன, செலவும் அதிகம்.

1991-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 1998 மாடல் கார்கள் எல்லாவற்றிலும் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம் ஆனது. வாங்க ஆள் கிடைத்துவிட்டது. அதே 1991-இல் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனம் ஏடிஎக்ஸ்எல்50 என்ற சில்லை அறிவித்தது. 1993-இல் அது பெருமளவு உற்பத்திக்கு வந்தது.

இந்தச் சில்லுக்குள் இருப்பது, சிலிக்கானால் ஆன இரண்டு சீப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போன்ற அமைப்பு. ஒரு சீப்பு அசையாது. மற்றது மெல்லிய வில்களில் தொங்கும். பற்களுக்கு நடுவே இடைவெளி 1.3 மைக்ரோமீட்டர். ஒவ்வொரு பல்லும் பக்கத்துப் பல்லும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. சில்லு முடுக்கப்பட்டால் தொங்கும் சீப்பு நகரும், மின்தேக்குத் திறன் மாறும். தொங்கும் சீப்பின் நிறை ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு! அது 0.2 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்தாலே இந்தச் சில்லால் உணர முடியும். ஒரு சிலிக்கான் அணுவின் குறுக்களவில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு நுணுக்கமான அளவீட்டுச் சுற்றும் அதே சில்லிலேயே இருந்தது. சொன்னால் தன் சீப்பைத் தானே மின்விசையால் இழுத்து, வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

ஆனால் அதன் அளவு எல்லை 50 ஜி. மோதலுக்கு அது பொருத்தம். சாய்வைப் பொறுத்தவரை மொத்தமே 1 ஜி-க்குள் நடக்கும் கதை. ஏடிஎக்ஸ்எல்50 ஒரு ஜி-க்குக் கொடுத்த மின்னழுத்தம் 19 மில்லிவோல்ட். மட்டத்தில் இருந்து 1 டிகிரி சாய்த்தால் கிடைப்பது 0.3 மில்லிவோல்ட்டை ஒட்டித்தான். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏலக்காய் நிறுத்த மாதிரி.

இரண்டு ஜி-யும் ஒரு கேம்பாயும்

காருக்காக ஆலை ஓடத் தொடங்கியபின், அதே முறையில் மென்மையான வில் வைத்த சில்லுகளைச் செய்வது எளிதாயிற்று. 5 ஜி எல்லை கொண்ட ஏடிஎக்ஸ்எல்05 வந்தது. 1990-களின் பிற்பகுதியில் ஏடிஎக்ஸ்எல்202 வந்தது. எல்லை 2 ஜி. ஒரே சில்லில் இரண்டு அச்சுகள், அதாவது முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் சேர்ந்தே தெரியும்.

மின்னணுப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. விடையை மின்னழுத்தமாக மட்டுமல்லாமல் துடிப்பாகவும் அது கொடுத்தது. சமநிலையில் துடிப்பு பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. ஒவ்வொரு ஜி-க்கும் மேலே இருக்கும் நேரம் 12.5 சதவீதம் கூடும் அல்லது குறையும். அந்நாளைய மலிவான மைக்ரோகண்ட்ரோலர்கள் பலவற்றில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி கிடையாது. ஆனால் துடிப்பின் நீளத்தை எண்ண எல்லாவற்றாலும் முடியும்.

இந்தச் சில்லைப் பெரிய கூட்டத்தின் கையில் கொண்டு சேர்த்தது ஒரு விளையாட்டு. 2000-ஆம் ஆண்டு ஜப்பானிலும் 2001-இல் அமெரிக்காவிலும் நிண்டெண்டோ வெளியிட்ட 'கிர்பி டில்ட் அண்ட் டம்பிள்'. கேம்பாய் கலர் கருவியில் முடுக்கமானி கிடையாது. அதனால் விளையாட்டுக் கேசட்டுக்குள்ளேயே ஏடிஎக்ஸ்எல்202 வகைச் சில்லை வைத்தார்கள். கருவியைச் சாய்த்தால் கிர்பி என்ற உருண்டைப் பாத்திரம் உருளும். பிறகு வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி மாதிரியில் கேசட் செருகும் இடம் அடிப்பக்கம் போய்விட்டது. கேசட் தலைகீழாக உட்கார்ந்ததால் சாய்வும் தலைகீழாகிவிட்டது. சில்லைப் பலகையில் எந்தத் திசையில் வைத்தோம் என்பதை மறந்துவிட்டு ரோபோ ஏன் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று முழிக்கும் எல்லாருக்கும் இது ஒரு நல்ல பாடம்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் வந்தது. 1999-இல் தொடங்கிய மெம்சிக் நிறுவனத்தின் சில்லில் அசையும் எடையே இல்லை. சின்ன அறைக்குள் வாயு, நடுவில் ஒரு சூடேற்றி, சுற்றிலும் வெப்ப உணரிகள். சாய்த்தால் சூடான வாயு ஒரு பக்கம் நகரும், அந்தப் பக்க உணரி சூடாகும். யோசித்துப் பார்த்தால் இது கொத்தனாரின் ரசமட்டக் குமிழியேதான், சில்லுக்குள் வந்திருக்கிறது! இதுவும் துடிப்பாகவே விடை தந்தது. பேசிக் ஸ்டாம்ப் என்ற பழகுநர் மைக்ரோகண்ட்ரோலருடன் இதைப் பலர் பயன்படுத்தினார்கள்.

வீ செய்த உபகாரம்

2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ பிறந்தது. மின்னணுவியல் படிக்காத கலை மாணவர்களுக்கும் மைக்ரோகண்ட்ரோலர் எட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். அடுத்த ஆண்டே நிண்டெண்டோவின் வீ வந்தது. அதன் கைக்கருவியில் ஏடிஎக்ஸ்எல்330 என்ற மூன்று அச்சு முடுக்கமானி இருந்தது. கையை வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறந்தது. 2007-இல் வந்த ஐபோனிலும் மூன்று அச்சு முடுக்கமானி இருந்தது. கார் தொடங்கி வைத்த விலைச் சரிவை இந்த இரண்டும் அதலபாதாளத்துக்குக் கொண்டுபோயின.

வீயின் துணைக் கைக்கருவி நன்சக். அதற்குள்ளும் ஒரு மூன்று அச்சு முடுக்கமானி, ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு பொத்தான்கள். அதன் செருகியில் வரும் கம்பிகளில் தேவையானவை நான்குதான்: மின்சாரம், தரை, தகவல், கடிகாரம். தகவல் போகும் முறையோ ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த ஐ-ஸ்கொயர்-சி. செருகித் துளையில் நான்கு கம்பிகளைச் செருகி ஆர்டுயினோவில் இணைத்தால் போதும், ஆறு பைட்டுகளில் எல்லாத் தகவலும் வந்துவிடும். 2008 வாக்கில் இதற்கான நிரல்கள் இணையத்தில் பரவின. கண்ணுக்கே சரியாகத் தெரியாத கால்களை உடைய சில்லைச் சால்டரிங் செய்யத் தெரியாத மாணவர்களுக்கும் முதல்முறையாக ஒரு மூன்று அச்சு முடுக்கமானி கிடைத்தது.

சால்டரிங் சிக்கலைச் சின்னக் கடைகளும் தீர்த்தன. ஸ்பார்க்ஃபன், ஏடாஃப்ரூட் போன்ற நிறுவனங்கள் சில்லைக் குட்டிப் பலகையில் ஒட்டி, பிரெட்போர்டில் செருகும்படி ஊசிகள் வைத்து விற்றன. 2009 வாக்கில் வந்த ஏடிஎக்ஸ்எல்335 அப்படித்தான் பல கல்லூரிப் புராஜெக்டுகளின் செல்லப்பிள்ளை ஆனது. ஆர்டுயினோ மென்பொருளோடு வரும் எடுத்துக்காட்டு நிரல்களில் ஏடிஎக்ஸ்எல்3 வரிசைக்கு ஒன்று, மெம்சிக்குக்கு ஒன்று என்று இரண்டு சேர்ந்தன.

ஒரு டிகிரியின் கணக்கு

சில்லு கையில் வந்த பிறகுதான் சோதனை தொடங்கியது. ஏடிஎக்ஸ்எல்335-ஐ எடுத்துக்கொள்வோம். 3 வோல்ட் கொடுத்தால் ஒரு ஜி-க்கு 300 மில்லிவோல்ட் தரும். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். மட்டமாக இருக்கும் சில்லை 1 டிகிரி சாய்த்தால் அந்த அச்சில் விழுவது 0.0175 ஜி, அதாவது 5.2 மில்லிவோல்ட். ஆக, 1 டிகிரிக்கு ஒரு படி. பரவாயில்லை.

அதே அச்சு செங்குத்தாக நிற்கும்போது 1 டிகிரி சாய்த்துப் பாருங்கள். மாறுவது 0.00015 ஜி. மில்லிவோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு. ஆர்டுயினோவுக்கு ஒன்றுமே தெரியாது! சைன் வளைவு உச்சியில் தட்டையாக இருப்பதுதான் காரணம். வழி என்ன? ஓர் அச்சு தூங்கும் இடத்தில் அதற்குச் செங்குத்தான அச்சு முழு விழிப்போடு இருக்கும். இரண்டையும் வகுத்து டேன் நேர்மாறு எடுத்தால் எல்லாக் கோணத்திலும் ஒரே துல்லியம் கிடைக்கும். ஒரே அச்சை நம்பிய புராஜெக்டுகள் இரண்டு, மூன்று அச்சுகளுக்கு மாறியது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் சுழிப்புள்ளி. 0 ஜி-யில் 1.5 வோல்ட் வர வேண்டும். ஆனால் சில்லுக்குச் சில்லு இது 1.35-இல் இருந்து 1.65 வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளரே தகவல் தாளில் சொல்கிறார். 0.15 வோல்ட் என்றால் அரை ஜி. அரை ஜி என்றால் 30 டிகிரி! வாங்கிய சில்லை அப்படியே நம்பினால், மட்டமான மேசை 30 டிகிரி சரிவாகத் தெரிய வாய்ப்பு உண்டு. தீர்வுக்குக் காசு செலவில்லை. சில்லை ஆறு பக்கமும் மாற்றி மாற்றி மேசைமேல் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அச்சிலும் கூடிய எண், குறைந்த எண் இரண்டின் சராசரிதான் உண்மையான சுழி. பூமியின் ஈர்ப்பே இலவச எடைக்கல்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று மட்டும் கிடைக்காது. மேசைமேல் கிடக்கும் சில்லை அப்படியே வட்டமாகத் திருப்பினால் எந்த அச்சிலும் எதுவும் மாறாது. வடக்கு, தெற்கு என்ற கேள்விக்கு முடுக்கமானியிடம் பதில் கிடையாது. அதற்குத் திசைகாட்டி வேண்டும்.

ஜைரோவோடு கல்யாணம்

இதுவரை பார்த்ததெல்லாம் அசையாத சில்லுக்கு. ரோபோவோ அசையாமல் இருப்பதே இல்லை. இரண்டு சக்கர ரோபோ முன்னால் சாய்ந்தால் மோட்டார் முன்னால் ஓடி அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஆனால் மோட்டார் ஓடினாலே அது முடுக்கம். பேருந்துக் கைப்பிடி பின்னால் சாய்வது போல முடுக்கமானியும் ஏமாறும். தான் பின்னால் சாய்ந்துவிட்டதாக நினைத்து ரோபோ மோட்டாரைத் திருப்பும். அடுத்த நொடி தரையில்.

இந்த இடத்தில் கைகொடுத்தது ஜைரோஸ்கோப். அது எந்த வேகத்தில் திரும்புகிறோம் என்பதை அளக்கிறது. அந்த வேகத்தைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வந்தால் கோணம் கிடைக்கும். தள்ளினாலும் குலுக்கினாலும் அது பெரிதாக ஏமாறாது. ஆனால் அதற்கு மறதி. ஒவ்வொரு கூட்டலிலும் ஒரு சின்னப் பிழை சேர்ந்து, சில நிமிடங்களில் கோணம் எங்கோ போய்விடும். முடுக்கமானி நொடிக்கு நொடி தடுமாறும், நீண்ட நேரச் சராசரியில் உண்மை பேசும். ஜைரோ நொடிக்கு நொடி உண்மை பேசும், நீண்ட நேரத்தில் வழிதவறும். ஒருவர் குறையை மற்றவர் நிரப்பும் சோடி!

டீன் காமன் 2001-இல் அறிமுகம் செய்த செக்வே வண்டியிலும் இதே சோடிதான், ஐந்து ஜைரோக்கள், திரவம் கொண்ட இரண்டு சாய்வு உணரிகள் என்று விலை உயர்ந்த வடிவத்தில். இரண்டு அளவீடுகளைச் சரியான விகிதத்தில் கலக்க 1960-இல் ருடால்ஃப் கால்மன் தந்த கணித முறை இருந்தது. அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டலில்கூட அது பயன்பட்டது. பள்ளி மாணவர்களுக்கு அந்த அணிக்கோவைகள் கொஞ்சம் அதிகம்.

2007-இல் எம்ஐடி மாணவர் ஒருவர் பள்ளி ரோபோப் போட்டிக்காரர்களுக்காக ஒரு சின்ன விளக்கக் கோப்பை எழுதி வெளியிட்டார். அதன் சாரம் ஒரே வரி:

கோணம் = 0.98 × (கோணம் + ஜைரோ வேகம் × நேர இடைவெளி) + 0.02 × முடுக்கமானி சொல்லும் கோணம்

உடனடிப் பேச்சுக்கு ஜைரோவை 98 பங்கு நம்பு, மெல்ல மெல்லத் திருத்த முடுக்கமானியை 2 பங்கு கேள். அவ்வளவுதான். நொடிக்கு 100 முறை இதைச் செய்தால், ஏறக்குறைய அரை நொடிக்குக் குறைவான குலுக்கல்களில் ஜைரோ சொல்வது செல்லும், அதைவிட நீண்டவற்றில் முடுக்கமானி சொல்வது செல்லும். உலகம் எங்கும் எத்தனையோ சமநிலை ரோபோக்கள் இந்த ஒரு வரியில் நிற்கின்றன.

2009-இல் வீக்கு மோஷன் பிளஸ் என்ற ஜைரோ இணைப்பு வந்தது. 2010-இல் பிரான்சில் தொடங்கிய மல்டிவீ என்ற திட்டம், மோஷன் பிளஸையும் நன்சக்கையும் பிரித்து எடுத்து ஆர்டுயினோவில் இணைத்து, பல விசிறி வைத்த ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டது. பெயரில் உள்ள வீ, விளையாட்டுக் கருவியின் வீதான். இன்று பந்தய டிரோன்களில் ஓடும் பீட்டாஃபிளைட் மென்பொருள் அந்தப் பரம்பரையில் வந்தது. 2010-களின் தொடக்கத்தில் இன்வென்சென்ஸ் நிறுவனத்தின் எம்பியு-6050 வந்தபோது கல்யாணம் நிரந்தரமாயிற்று: மூன்று அச்சு ஜைரோவும் மூன்று அச்சு முடுக்கமானியும் 4 மில்லிமீட்டர் சதுரத்தில். ஏடிஎக்ஸ்எல்335-ஐ ஆர்டுயினோ படிக்கும்போது 1 டிகிரிக்கு ஒரு படி கிடைத்தது, இதில் 286 படிகள். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் மாணவர்கள் வாங்கும் ஜிஒய்-521 பலகையில் இருப்பது இந்த வகைச் சில்லுதான்.

ஆகாயத்தில் வந்த சோதனை

சோடி சேர்ந்தும் தீராத இடம் ஒன்று உண்டு. அது விமானம். சரியாகச் சாய்ந்து வட்டமடிக்கும் விமானத்தில் ஈர்ப்பும் திருப்பத்தின் முடுக்கமும் சேர்ந்து, நேராக விமானத்தின் தரையை நோக்கியே அழுத்தும். 30 டிகிரி சாய்ந்திருந்தாலும் உள்ளே இருக்கும் முடுக்கமானி 'மட்டமாகத்தான் இருக்கிறோம்' என்று சத்தியம் செய்யும். எடை மட்டும் 1.15 ஜி-யாகத் தெரியும். வட்டம் நிமிடக்கணக்கில் நீண்டால் அந்த 2 பங்கு மெல்ல மெல்லப் பொய்யையே உண்மையாக்கிவிடும்.

2009-இல் ஆர்டுயினோவை வைத்து வந்த ஆர்டுபைலட் என்ற பொழுதுபோக்குத் தானியங்கி விமானி, இதனாலேயே தொடக்கத்தில் முடுக்கமானியை நம்பவில்லை. வானம் குளிர், தரை சூடு என்பதை அகச்சிவப்பு உணரிகளால் பார்த்துச் சாய்வைக் கண்டுபிடித்தது. பிறகு வேறு வழி பிடிபட்டது. ஜிபிஎஸ் சொல்லும் வேகத்தையும் ஜைரோ சொல்லும் திருப்ப வேகத்தையும் பெருக்கினால் திருப்பத்தின் முடுக்கம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதை முடுக்கமானி சொல்வதில் இருந்து கழித்தால் மிச்சம் இருப்பது ஈர்ப்பு. அதாவது, சன்னல் மூடிய பேருந்துக்குள் இருப்பவருக்கு வெளியில் இருந்து ஒருவர் வேகத்தைச் சொல்லிவிட்டார். ஐன்ஸ்டீன் சொன்னதை யாரும் முறியடிக்கவில்லை, வெளியில் இருந்து ஒரு சாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். டிரோனில் குட்டிக்கரணம் அடிக்கும் பந்தயக்காரர்களோ முடுக்கமானியை அணைத்துவிட்டு, ஜைரோவையும் தங்கள் கண்ணையும் மட்டும் நம்பிப் பறக்கிறார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது

கார் மோதலைப் பிடிக்கப் பிறந்த கருவிக்கு அதன்மேல் விழும் பூமியின் ஈர்ப்பு வேண்டாத தொல்லை. அந்தத் தொல்லையையே அளவீடாக எடுத்துக்கொண்டார்கள் விளையாட்டு செய்தவர்களும் ரோபோ செய்தவர்களும். சில்லின் விலை இறங்கியதற்குக் காரும் செல்பேசியும் காரணம். அதில் இருந்து சாய்வைக் கறந்ததற்கு, தாங்கள் கண்டுபிடித்ததை எழுதி இலவசமாக வெளியிட்ட முகம் தெரியாத பலர் காரணம்.

புதிதாக இதில் இறங்கும் மாணவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ரோபோ விழுந்தால் உடனே சில்லைக் குறை சொல்லி இன்னொன்று வாங்க ஓட வேண்டாம். முடுக்கமானி பொய் சொல்வதில்லை. தன்மேல் விழும் விசையை உள்ளபடி சொல்கிறது. அதைச் சாய்வு என்று எடுத்துக்கொள்வது நாம். அந்த நேரத்தில் சில்லு உண்மையிலேயே அசையாமல் இருந்ததா? இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு நிரலைத் திறந்தால், பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.